எழுபத்தைந்து கிராம்

தோள்பட்டையில் ஆணி இறக்கியது போல வலித்தது. முந்தின நாள், மருந்துக் கலவையை அழுத்தித் துகளாக்கும் எந்திரத்தின் இரும்புத் தலையைக் கழற்றிக் கழுவி மாட்டிய வலி. ஆனால் மருந்துப் பொடிகளை நிறுத்துக் கலக்கும் தராசுக்காரி அதைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. கையிலிருந்த புட்டியைச் சாய்த்தாள். பால் மாதிரி ஓட வேண்டிய மருந்து பசை மாதிரி நின்றது.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருந்தது மருந்துக்கூடம். நான்காம் மாடியில் பன்னிரண்டு நோயாளிகள் காத்திருந்தார்கள். அவர்களுடைய மருந்து வாய்வழி போனால் இரைப்பை அமிலத்தில் அழிந்துவிடும். அதனால் இத்தனை நாளும் ஊசிதான். இப்போது அதை உருகிய கொழுப்பில் கரைத்து, கண்ணுக்குத் தெரியாத துகளாக இறுக வைத்து, பத்திரமாகக் குடலுக்கு அனுப்பும் முயற்சி. பத்து மணிக்கு முதல் வேளை. மணி எட்டரை.

பன்னிரண்டு பேரில் ஒருவர் லாரிக்காரர். ஊசி குத்திக் குத்திக் கை நரம்பெல்லாம் கறுத்துப் போனவர். நேற்று லிஃப்டில் கேட்டார். "தங்கச்சி, நாளையிலேர்ந்து குத்த மாட்டாங்கல்ல?"

"குடிச்சா போதும்ண்ணே" என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பொடி நூற்றைம்பது கிராம் வேண்டும். தராசு நூறுக்கு மேல் தாங்காது. எழுபத்தைந்தாக இரண்டு தடவை நிறுப்பாள். ஆனால் முதல் தடவையிலேயே பதிவேட்டில் இரண்டு டிக்கையும் போட்டுவிடுவாள். அது அவள் பழக்கம். நேற்று நடுவில் கொழுப்புச் சட்டி புகைகிறதென்று சத்தம் கேட்டு ஓடினாள். இப்போது டப்பாவில் மிஞ்சிய பொடியைப் பகுதி பகுதியாக நிறுத்துப் பார்த்தாள். எழுபத்தைந்து கிராம் கூடுதலாக இருந்தது.

எந்திரம் ஓட்டும் பையன், பட்டப்பெயர் பிஸ்டன், புட்டியைப் பிடுங்கிக் குலுக்கினான். மருந்து ஓடியது.

"பாருக்கா, ஜம்முனு ஓடுது! குலுக்கிக் குடுத்துரு. வாய்க்குள்ள போனப்புறம் எவன் டேப் வச்சு அளக்கப் போறான்?"

"கால் மணில மறுபடி உறைஞ்சிரும்டா. கட்டி தட்டினா கொழுப்புக்குள்ளேர்ந்து மருந்து வெளிய வந்துரும், வயித்துலயே வீணாப் போயிரும். ஊசியையும் நிறுத்திட்டு இதையும் குடுத்தா அவங்க கதி?"

"மாசக் கடைசில உன் ஒப்பந்தம் முடியுது. நீயாப் போய்த் தலையக் குடுக்காத."

அவள் மருந்துக்கூடப் பொறுப்பாளர் மேடத்திடம் போய், பொடி குறைந்ததைச் சொன்னாள்.

"பதிவேட்டுல ரெண்டு டிக் இருக்கே?" என்றார் மேடம்.

"ரெண்டும் ஒரே நேரத்துல போட்டது மேடம். ஒரு தடவைதான் நிறுத்தேன்."

மேடம் போனை எடுத்து நான்காம் மாடிக்குச் சொன்னார்: "இன்னிக்கும் ஊசியே போடுங்க." பிறகு இவளிடம், "மறுபடி செய்யக் கொழுப்பு இருக்கா?"

"கொழுப்பு இருக்கு. மூல மருந்துதான் தீர்ந்துபோச்சு. வர மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் நான் இருப்பேனா மேடம்?"

மேடம் பதிவேட்டை மூடி வைத்தார்.

மாடிப்படி ஏறினாள். லாரிக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நர்ஸ் நரம்பு தேடிக்கொண்டிருந்தாள்.

"என் தப்புண்ணே. ஒரு பொடி பாதிதான் போட்டேன். போடாததுக்கும் சேத்து முன்னாடியே டிக் போட்டுட்டேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. "இன்னும் எத்தனை நாளு?" என்றுதான் கேட்டார்.

"மூணு வாரம்."

"தெனம் ரெண்டு குத்து. நாப்பத்திரெண்டு." முகத்தைத் திருப்பிக்கொண்டார். "குறிச்சு வச்சுக்க தங்கச்சி. டிக்க மட்டும் இப்பவே போட்டுறாத."

ஊசி இறங்கியது. அவருக்கு அவள் தர வேண்டிய பாக்கி நாற்பத்திரண்டு வேளை மருந்து.