வேம்புவின் சுமைதாங்கி

"பொழுது சாயறதுக்குள்ள இந்தக் கல்லு இங்க இருக்கக்கூடாது," என்றார் ஓவர்சியர் தர்மராஜ். "காலையில ரோலர் வந்துரும்."

சிறுவாச்சூர் பிரிவுக்குச் சற்று வடக்கே, திருச்சி ரோட்டின் ஓரத்தில் அந்தச் சுமைதாங்கி நின்றது. நிற்கும் கல் இரண்டு, அவற்றின் மேல் நெஞ்சுயரத்தில் படுக்கையாக ஒரு கல். யுத்தத்துக்குப் போகும் லாரிகள் எதிரெதிரே ஒதுங்க இடம் போதவில்லை என்று ரோட்டை அகலப்படுத்திக்கொண்டு வந்தார்கள். புளியமரங்கள் போய்விட்டன. மைல்கல்லைப் பிடுங்கித் தள்ளி நட்டாகிவிட்டது. மிச்சம் இது.

படுக்கைக் கல்லின் முகத்தில் 'வேம்பு' என்று வெட்டியிருந்தது. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனவள். அப்படிப் போனவளுக்கு ரோட்டோரம் கல் நட்டால், வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கும்போதெல்லாம் அவள் சுமையும் கொஞ்சம் இறங்கும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. வெட்டி நட்டவன் அவள் புருஷன் செல்லமுத்து. எழுத்துத் தெரியாதவன்; யாரோ சுண்ணாம்பால் எழுதிக் கொடுக்க, அதன் மேலேயே உளி பிடித்தவன். இப்போது ரோட்டு வேலையில் கல் உடைக்கிறான். வேம்புவின் தாய் வீரம்மாளும் அங்கேதான் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"தள்ளி நட்டுக்கிறோம் சார்," என்றான் செல்லமுத்து.

"எங்க நடுவே? ரோட்டு எல்லை வாய்க்கா வரைக்கும். அதுக்கு அந்தாண்ட உடையார் நெலம். அவரு சரின்னா நட்டுக்க. இல்லாட்டி உடைச்சு ஜல்லியில கொட்டு. கெட்டிக் கல்லு, வீணாப்போவாது."

வீரம்மாளின் சுத்தியல் நின்றது.

வைத்திலிங்க உடையாருக்கு ஆள் போய், அவர் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் வந்து சேர்ந்தார். கல்லை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"எடம் தரேன். வேலியோரமா நட்டுக்கட்டும்."

செல்லமுத்து கும்பிட்டான்.

"இரு. அந்தப் பேரைக் கொத்தி எடுத்துட்டு, சாந்தான்னு வெட்டு."

சாந்தா அவருடைய தங்கை. பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தவள், பிள்ளை பிறக்காமலே போய்ச் சேர்ந்தாள்.

"ஐப்பசி வந்தா வருஷம் திரும்புது சார்," என்று ஓவர்சியரிடம் சொன்னார். "எங்கம்மா தூங்குறதே இல்ல. கண்ணை மூடினா அவ வயித்தைப் புடிச்சிக்கிட்டு வாசல்ல நிக்கிறாளாம். கல்லு வெட்ட ஆளுக்கு எங்க போறது? ஒருத்தன் விடாம ரோட்டுக்குக் கொண்டாந்துட்டீங்க."

"அதுக்கு இந்தக் கல்லேவா வேணும்?"

"பழகின கல்லு சார். ஊரே இதுல இறக்கிப் பழகியிருக்கு. புதுசா ஒண்ணு நட்டா எவன் திரும்பிப் பாப்பான்?"

ஜல்லிக் குவியலுக்குப் பின்னாலிருந்து அங்கமுத்து முணுமுணுத்தான். "செத்தவகிட்டயும் குத்தகை கேக்குறாரு பாரு."

"சும்மா கெட," என்று அவனை அடக்கிவிட்டுச் செல்லமுத்து மாமியார் பக்கத்தில் வந்து குந்தினான். "அத்தே, ஒத்துக்கலாம். பேரு போனாலும் கல்லு நிக்கும்ல. ஜல்லியாப் போயிட்டா அப்புறம் என்ன இருக்கு?"

"உனக்கு வூட்டுல வேற ஒருத்தி வந்துட்டா. எனக்கு இந்தக் கல்லு மட்டுந்தான்."

"நானும் தோள்ல சுமந்தாந்த கல்லுதான் அத்தே இது."

பட்டாள லாரிகள் வரிசையாகப் போயின. எல்லோரும் ஒதுங்கி, புழுதி அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள்.

"என்ன முடிவு?" என்றார் தர்மராஜ். "உளியா, சம்மட்டியா?"

செல்லமுத்து உளியை எடுத்தான். முதல் எழுத்தின் மேல் வைத்தான். சுத்தியலை ஓங்கினான்.

"ஆண்டே, ஒரு வார்த்தை," என்றாள் வீரம்மாள்.

"சொல்லு."

"கல்லை நீங்களே எடுத்துக்குங்க. வேணாங்கல. ஆனா என் மவ சுமை முழுசா எறங்கிருச்சான்னு யாருக்குத் தெரியும்? பாதி எறங்கியிருக்கும். மிச்சம் இந்தக் கல்லு மேலதான் கெடக்கு. சின்னம்மா பேரை இதுல வெட்டினா, அந்த மிச்சம் அவங்க மேல போயி உக்காந்துக்கும். அவங்களே பாவம், தன் சுமையோட வாசல்ல நிக்கிறாங்க."

"மிரட்டுறியா?"

"மிரட்ட நான் யாரு ஆண்டே? நாளைக்கு உங்க வூட்டுப் பெரியம்மா என்னைக் கூப்புட்டு, தெரிஞ்சிருந்தும் ஏண்டி வாயை மூடிக்கிட்டு இருந்தேன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"யார்றி சொன்னது இப்படி ஒரு வழக்கம்?"

"எங்க சனத்துல அப்படித்தானுங்க."

வைத்திலிங்கம் சுற்றி நின்ற கூலியாட்களைப் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பிறந்தது முதல் இவர்கள் தெருவுக்குள் காலெடுத்து வைத்தவரில்லை. அங்கே என்ன வழக்கம் உண்டு, எது இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"நேரமாவுது உடையாரே," என்றார் தர்மராஜ். "உங்களுக்கு வேணாம்னா உடைக்கச் சொல்லிடறேன்."

செல்லமுத்து உளியைக் கல்லிலிருந்து எடுக்கவில்லை. வீரம்மாள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். உடை என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்தால் முடிந்தது.

வைத்திலிங்கம் வீரம்மாள் பக்கம் திரும்பினார். அவளிடம்தான் கேட்டார். "உடைச்சா அந்த மிச்சம் எங்க போவும்?"

"ரோட்டுல கெடக்கும் ஆண்டே. போறவங்க வாறவங்க எல்லாரும் மிதிச்சிக்கிட்டுப் போவாங்க. உங்க வூட்டு வண்டியும் இதுலதானே போவுது."

குடை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாறியது.

"வேலியோரம் வேணாம்," என்றார். "அந்தாண்ட கடைசி மூலையில நட்டுக்குங்க. பேரைத் தொடாத."

"சரிங்க ஆண்டே."

"செல்லமுத்து, ஐப்பசிக்குள்ள தங்கச்சிக்கு ஒண்ணு வெட்டிக் குடுத்துரு. கோயிலுக்குப் போற வழியில வச்சுக்கலாம். இதுக்குப் பக்கத்துல வேணாம்."

வந்ததைவிட வேகமாக வரப்பில் நடந்துபோனார்.

அவர் தலை மறைந்ததும் கடப்பாரைகள் இறங்கின. படுக்கைக் கல்லைக் கயிற்றில் கட்டி, மூங்கில் கொடுத்து, முன்னால் அங்கமுத்துவும் இன்னொருவனும், பின்னால் செல்லமுத்துவும் மாமியாருமாகத் தூக்கினார்கள். அவளை விலகச் சொல்லிப் பார்த்தார்கள், கேட்கவில்லை.

"அத்தே," என்றான் செல்லமுத்து, மூச்சு வாங்கிக்கொண்டே. "நம்ம சனத்துல அப்படி ஒரு வழக்கம் நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"நானும் கேட்டதில்ல," என்றாள் வீரம்மாள். "காலைப் பாத்து வையி. வாய்க்கா வருது."