அண்ணன் வண்டியின் முன் டயர்

நெடுஞ்சாலையில் வண்டியோடு விழுந்து அண்ணன் செத்த நாளிலிருந்து அப்பா ஒன்றையேதான் சொல்கிறார். "வண்டியில ஒண்ணுமில்ல. குடிச்சிட்டு ஓட்டியிருக்கான், கை நடுங்கியிருக்கு." சொல்வது மெக்கானிக் ஆயிற்றே, தெருவே நம்பியது.

அண்ணன் குடித்து நான் பார்த்ததே இல்லை. அதனால், கீறல்களோடு தப்பியிருந்த அவன் வண்டியை நானே ஓட்டிப் பார்த்தேன். எழுபதைத் தொட்டதும் ஹேண்டில் வெடவெடவென்று ஆடியது. பின்னால் உட்கார்ந்து யாரோ என் கைகளைப் பிடித்து உலுக்குவது போலிருந்தது.

அப்பாவின் பட்டறையில் நிறுத்திக் குனிந்து பார்த்தேன். பின் சக்கரத்தில் பாதி தேய்ந்த அகல டயரை முன்னால் மாட்டியிருந்தார்கள். முன் சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஃபோர்க் குழாய்களில் ஒன்று மற்றதைவிட ஒரு விரல் மேலே ஏறியிருந்தது. முன்னுக்கு உரிய டயரைப் போட்டு, குழாய்களைச் சமமாக்கி முடுக்கினேன்.

"நாலு எழுத்து படிச்ச திமிரா? செத்தவன் வண்டியக் குடையாதடி," என்றார் அப்பா.

"வாங்க, பின்னாடி உக்காருங்க."

எழுபதில் வண்டி கோடு போட்டதுபோல் ஓடியது. எண்பதிலும் ஆடவில்லை.

"இப்ப சொல்லுங்கப்பா. அந்த டயர மாட்டுனது யாரு?"

என் தோளைப் பிடித்திருந்த அவர் கை ஆடத் தொடங்கியது. ஹேண்டில் ஆடிய அதே ஆட்டம்.