அடுப்பில் வைத்த பால்

சாஸ்திரிகள் சவத்தின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது ஞாயிற்றுக்கிழமைக் கோஷ்டி உள்ளே வந்தது. ஆறு பேர். செருப்பைக் கழற்றும்போதே முகத்தில் துக்கத்தை மாட்டிக்கொண்டார்கள். அனந்தநாராயணனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பாகீரதி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

மாட்டுங்காவில் வெளிநாட்டுப் படம் என்றால் அவள் புருஷன்தான். வாரத்தில் ஆறு நாள் இன்ஷூரன்ஸ் கம்பெனி குமாஸ்தா. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் பெரிய ரசிகர். கோட்டைப் பக்கம் ஒரு ஹாலில் பிரெஞ்சும் இத்தாலியனுமாகப் படம் போடுவார்கள். பார்த்துவிட்டு வந்து, மறுநாள் காலை காபி ஹோட்டலில், கூடவே வந்து பார்த்த இந்த ஆறு பேரையும் கூட்டி வைத்துக்கொண்டு எதைப் பார்க்கலாம், எது குப்பை, ஏன் என்று தீர்ப்புச் சொல்வார். திங்கட்கிழமை ஆறு பேரும் அதை ஆளுக்கொரு ஆபீஸில் சொந்தச் சரக்கு மாதிரி சிபாரிசு செய்வார்கள். அடுத்த சனிக்கிழமை அதே படத்துக்கு ஹால் நிரம்பிவிடும்.

பாகீரதியை ஒரு தடவைகூட அவர் அழைத்துப் போனதில்லை. "உனக்குப் புரியாது" என்பார்.

அவருக்கு மட்டும் புரிந்து கிழிந்ததா? படத்துக்குக் கீழே வருகிற இங்கிலீஷை எழுத்து விடாமல் படிப்பார். ஆனால் ஒரு பெண்பிள்ளை வாயைத் திறக்காமல் ஏதாவது செய்துவிட்டால் தீர்ந்தது, திருதிருவென்று முழிப்பார். வீட்டுக்கு வந்து சாதத்தைப் பிசைந்துகொண்டே கதை முழுக்கச் சொல்லிவிட்டு, "ஏன் பாகீ அவ அப்படிப் பண்ணினா?" என்று போகிறபோக்கில் கேட்பார். மோரை விட்டுக்கொண்டே அவள் சொல்வாள். விடிந்தால் அது அவருடைய அபிப்பிராயம்.

"போன மாசம் அந்த இத்தாலிப் படம், ஞாபகமிருக்கோ?" என்றார் வெங்கடராமன், சவத்துக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல. "புருஷன் செத்த சேதி வந்தும் அவ உருளைக்கிழங்கு உரிச்சிண்டே இருந்தாளே, நாம முழிச்சோம். 'அழுதா கை நிக்கும், கை நின்னா நாலு குழந்தை பட்டினி'ன்னார் அண்ணா. அடடா, என்ன மூளை!"

பாகீரதி சொன்ன வார்த்தை. ஓர் எழுத்து மாறவில்லை.

"மாமி அழவே இல்லை, கவனிச்சேளா?" என்று இன்னொருவர் கிசுகிசுத்தார். "அப்படியே ஐரோப்பியப் படம்."

துக்கம் கேட்க வந்த இடத்தில்கூட ரசிக்க உட்கார்ந்துவிட்டதுகள், கழுதைகள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர்களிடம் ஒன்று கேட்டே ஆகவேண்டியிருந்தது. நேற்று ராத்திரி அவர் பாதிக் கதைதான் சொன்னார். ஒரு தையல்காரி. சாய்வு நாற்காலியை விட்டு அசையாத புருஷன். அவள் பெட்டி கட்டுகிற இடத்தில், நெஞ்சை என்னவோ பண்ணுகிறது, மீதி காலையில் என்று படுத்துவிட்டார். அப்புறம் கண் திறக்கவில்லை. இனி அவளுக்கு யார் வந்து கதை சொல்லப்போகிறார்கள்?

"சங்கரா," என்றாள், கோஷ்டியில் சின்னவனைப் பார்த்து. "நேத்திப் படத்துல அந்தப் பொண்ணு கடைசில என்ன பண்றா?"

சாஸ்திரிகளின் கை நின்றது. நாத்தனார் அம்மிணி, "மன்னி!" என்று தோளைத் தொட்டாள்.

சங்கரன் குரலைத் தாழ்த்தினான். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது மாமி... அடுப்புல பாலை வெச்சுட்டு, பெட்டியைத் தூக்கிண்டு போயிடறா. அவ்வளவுதான். ஏன்னு எங்களுக்கே தெரியலை. அண்ணாவைக் கேட்டோம், நாளைக்கு விளக்கறேன்னார். இப்ப நாங்க நாலு பேருக்கு என்ன சொல்லி சிபாரிசு பண்றது?"

பாகீரதிக்கு உடனே விளங்கிவிட்டது. ஆறு பேரையும் ஒரு தடவை பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

வாய்க்கரிசி போட்டாள். கொழுந்தன் தீச்சட்டியுடன் முன்னால் இறங்க, கோஷ்டியில் நாலு பேர் தோள் கொடுத்தார்கள். மாடிப்படி திரும்புவதற்குள் ஆரம்பித்துவிட்டது.

"யுத்தத்துக்கப்புறம் ஐரோப்பா இருக்கிற நிலைமையைக் காட்டறான்."

"அதெல்லாமில்லை ஓய், மறந்துட்டா. பொம்மனாட்டிகளுக்கு மறதி சகஜம். கொஞ்சம் வலப் பக்கமா இறக்குங்கோ."

குரல் தேயும்வரை பாகீரதி கேட்டுக்கொண்டு நின்றாள். அம்மிணி அவளைக் குளியலறைக்கு அழைத்துப் போய் உட்காரவைத்து, தலையில் ஒரு சொம்பு தண்ணீர் விட்டாள்.

"மன்னி, வாய் விட்டு அழுதுடுங்கோ."

"அவ மறக்கலை, அம்மிணி."

"யாரு?"

"பாலை வெச்சுட்டுப் போனவ. அது பொங்கினா அவன் எழுந்துக்கணுமே. கட்டிண்ட நாளா அவனுக்கு எல்லாம் நாற்காலிக்கே வந்துது. ஒரு தடவையாவது எழுந்து போய் அடுப்பை அணைக்கட்டும்."

அம்மிணி சொம்பும் கையுமாக நின்றாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அண்ணா எழுந்துண்டிருப்பானா, மன்னி?"

"உங்கண்ணாவா?" பாகீரதி முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கவில்லை. "பால் ஏன் பொங்கித்துன்னு எங்கிட்டயே வந்து கேட்டிருப்பார்."

அம்மிணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அடுத்த சொம்பை மொண்டாள்.