திட்டு வாங்காதவள்

எங்கள் தையல் கூடத்தில் முதலாளியிடம் திட்டு வாங்காத ஆள் நான் ஒருத்திதான். ஒரு காஜா தள்ளிப்போனாலே மற்றவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். என்னிடம் வந்தால் மட்டும் குரல் குழைந்துவிடும். என் வலது காலில் இரும்புப் பட்டை, கக்கத்தில் ஊன்றுகோல். அவ்வளவுதான் காரணம். துணி வெட்டும் மேசையில் பதினாறு வருடம் நின்றவள் என்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

போன மாதம் ஒரு மருத்துவமனைக்கு நானூறு சீருடைச் சட்டைகள். துணியைத் தொட்டதுமே தெரிந்தது, தண்ணீர் பட்டால் சுருங்கும் ரகம். ஒரு துண்டை நனைத்துக் காயவைத்தும் பார்த்தேன். அதனால் சட்டைக் கைக்கு முக்கால் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டினேன்.

சட்டைகள் போய் ஒரே வாரத்தில் திரும்பி வந்தன. ஒரு துவையலிலேயே எல்லாக் கையும் மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டது. நான் வைத்து வெட்டிய காகித அளவை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன்.

அங்கே ஏற்கெனவே ஒருவர் கைகட்டி நின்றிருந்தார். நான் வெட்டும் துண்டுகளைக் கட்டுக் கட்டி தையலுக்கு அனுப்பும் அண்ணன்.

"நான்தான் சார் கை நீளத்த நறுக்கினேன். அளவுச் சீட்டுல இருந்தத விட நீளமா இருந்துச்சு. பாவம், கால் வலியில கை தவறிடுச்சு போலன்னு நெனச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லண்ணே?"

"உன்கிட்ட எப்படிம்மா கேக்கறது? மனசு ஒடிஞ்சிட மாட்டே?"

முதலாளி அவர் மேல் பாய்ந்தார். "கேட்டுட்டுச் செய்ய உனக்கு வாயில்லையா? அறிவ அடகு வச்சிட்டியா?" பத்து நிமிடம் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, "போ, போய் வேலையப் பாரு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் குழைந்தது.

"பாத்தியாம்மா, எவ்ளோ பாசம் உன் மேல! இனிமே இந்த வெட்டற வேலையே உனக்கு வேணாம். பட்டன் ரகம் பிரிக்கிற எடத்துல நிம்மதியா உக்காரு. சம்பளம் அதேதான்."

"தப்பு பண்ணது நான் இல்ல சார்."

"உன்னைப் போய் யாராவது குத்தம் சொல்லுவாங்களா?"

"அப்ப மேசைய ஏன் எடுக்கறீங்க?"

"உன் நல்லதுக்குத்தாம்மா."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "என்னையும் திட்டுங்க சார்! திட்டிட்டு என் மேசைக்கே அனுப்புங்க. அவரை அப்படித்தான அனுப்புனீங்க?" என்று கத்தினேன். கூடமே வாசலில் வந்து நின்று உச்சுக்கொட்டியது. அந்த அண்ணனே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். முதலாளி என் தம்பிக்குப் போன் போட்டார்.

"அக்காவுக்கு மனசு சரியில்ல தம்பி. வந்து கூட்டிட்டுப் போங்க."

அரை மணி நேரத்தில் வந்தான். அவன் படிப்பு முடியும்வரை வீட்டை நடத்தியது இதே வெட்டு மேசைதான். என்ன நடந்தது என்று அவன் என்னிடம் கேட்கவில்லை. முதலாளியைக் கும்பிட்டான். "வேற எடமா இருந்தா எப்பவோ வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க சார். நீங்க எது செஞ்சாலும் அக்காவோட நல்லதுக்குத்தான்."

"என்னைக் கேளுடா," என்றேன்.

"சரிக்கா, சரிக்கா. வீட்டுல பேசிக்கலாம்."

வேலை மாற்றத்துக்குச் சம்மதம் என்று ஒரு தாளை முதலாளி அவனிடம் நீட்டினார். எனக்கு நாற்பத்தொரு வயது. என் பெயருக்கு நேரே அவன் கையெழுத்துப் போட்டான்.