செல்விக்காகச் சொன்ன ஆம்

அரியாங்குப்பம் பாலத்தில் வண்டி ஏறும்போதே கலைவேந்தன் வேகத்தைக் குறைத்தான். பின்னால் அவன் மனைவி செல்வி என்கிற செல்வகுமாரி உட்கார்ந்திருந்தாள். அவள் ஆன்லைனில் போட்ட புகாருக்குப் பதில் வந்திருக்கிறது, வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று சைபர் கிரைம் போலீசில் கூப்பிட்டிருந்தார்கள். அது யார் தலையில் விடியும் என்று அவளுக்குத் தெரியாது. வண்டி ஓட்டுகிற மவராசனுக்கு நன்றாகவே தெரியும்.

செல்வி பாகூர் பெண்கள் கபடி அணியில் எதிரணிக்குள் பாடிப்போகிற ரைடர். செல்போனில் ஒரு கபடி கேம் உண்டு. அதில் நமக்கு வேண்டிய ஆட்டக்காரரை நாமே உருவாக்கிக்கொள்ளலாம். பொங்கல் லீவில் கலைவேந்தன் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்து அவளை அச்சு அசலாகச் செய்தான். முகம், பின்னல், பேர், ஊர், ஏழாம் நம்பர் பனியன், ஒன்று விடவில்லை. மாசியில் வருகிற கல்யாண நாளில் காட்டி அசத்துவதாகத் திட்டம். அதற்குள் பெருமை தாங்காமல், யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம் என்று அந்தக் கேமில் பொதுவாக ஏற்றிவிட்டான். எவனோ ஒரு வீணாய்ப்போனவன் அதை எடுத்து, உடையைக் குறைத்து, பார்க்கச் சகிக்காத கோலத்தில் ஊரெல்லாம் சுற்றவிட்டான். செல்வி மைதானத்துக்குப் போய் மூன்று வாரமாகிறது. அடுத்த ஞாயிறு மாநில அணித் தேர்வு.

சொல்லிவிடலாம் என்று தினமும் அவளிடம் போவான், மோட்டார் போட்டியா, பால்காரர் வந்தாரா என்று எதையாவது கேட்டுவிட்டுத் திரும்புவான். கோழை, வேறென்ன சொல்ல.

எஸ்.ஐ. சுப்பராயலு கேம் கம்பெனியின் பதிலைப் படித்துச் சொன்னார். "அவன் கையக் கழுவிட்டாம்மா. ஆளை உருவாக்குறது ஆடுறவங்கதான், எங்க பொறுப்பு இல்லங்கறான். மொதல்ல ஏத்துனவன் போன் நம்பரக் குடுத்துட்டான். கேசு பதிவானா எல்லாத்தையும் தூக்கிடறேங்கறான்."

நம்பரை வாசித்தார். செல்வி மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"நான்தான் செஞ்சேன் சார்," என்றான் கலைவேந்தன். "அசிங்கமா மாத்துனது நானில்ல."

"அவனையும் புடிப்போம். ஆனா மொத ஆளு நீ. ஏத்தும்போது கேம்ல, நெஜ ஆளா இருந்தா அவங்க சம்மதம் வாங்கினியான்னு கேட்டிருக்கான். ஆம்னு தட்டியிருக்க."

"என் பொண்டாட்டிதான சார்."

"அது இன்னா பதிலு?"



"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா இன்னாங்க?" என்றாள் செல்வி. "நானே நல்ல போட்டோவா எடுத்துக் குடுத்திருப்பேன்."

சுப்பராயலு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "இதுல கையெழுத்து போட்டா உன் வூட்டுக்காரர் பேருதான் மொதல்ல வரும். கோர்ட்டு, கேசுன்னு அலையணும். போடலன்னா அந்தப் படம் அப்படியே கெடக்கும். யோசிச்சுச் சொல்லும்மா. சம்மதமா?"

கேஸ் என்றால் திருவாண்டார்கோயில் பாக்டரியில் அவன் வேலை போய்விடும். போகட்டும், அவள் மறுபடி களத்தில் இறங்கினால் போதும் என்று கலைவேந்தனுக்குத் தோன்றியது. மூன்று வாரத்தில் அப்போதுதான் அவனுக்குத் தைரியமே வந்தது.

"சம்மதம்தான் சார், போடுவா," என்றான்.

"அவரு என்னத்தான கேட்டாரு," என்றாள் செல்வி. பிறகு சுப்பராயலுவைப் பார்த்து, "சம்மதம் சார்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.