சாக்கடையில் கறுப்புத் தண்ணீர்

அந்தத் தெருவில் யார் வீட்டு ஆம்பளை எந்த ஷெட்டில் வேலை பார்க்கிறார் என்று யாரையும் கேட்க வேண்டாம். துணி துவைக்கும்போது வாசல் சாக்கடையைப் பார்த்தால் போதும். கரியுலை ஆட்களின் சட்டை கறுப்பாகக் கரையும், சுண்ணாம்புச் சூளைக்காரர் வீட்டுத் தண்ணீர் பால் மாதிரி வரும், இரும்புத் தாதுக் கிடங்கு ஆள் வீட்டிலிருந்து செக்கச்செவேலென்று ஓடும். பெண்கள் காற்று வாங்கத்தான் வாசலில் நிற்கிறார்களாம். புகைபோக்கி ஊரில் காற்று வாங்குகிறார்களாம்!

தாதுக்காரரின் மனைவி புருஷன் முந்தின ராத்திரி இருட்டில் கழற்றிப் போட்ட சட்டையை வாளியில் முக்கினாள். தண்ணீர் கறுத்தது. தாதுப் புழுதி எத்தனை அலசினாலும் லேசில் போகாது. இதுவோ ஒரே முக்கில் விட்டுவிட்டது. மேஸ்திரியோடு சண்டை என்று அவர் முணுமுணுத்ததும், சோறு இறங்காமல் தட்டைத் தள்ளியதும் வரிசையாக ஞாபகம் வந்தன. வேலை போனால் கம்பெனி வீடும் போகும். மகளுக்கோ கடைசி வருஷப் படிப்பு.

"என்னக்கா, வாளியையே பாக்கறீங்க? உள்ள மீன் கிடக்கா?" பக்கத்து வீட்டு கிரேன்காரர் மனைவி கேட்டாள். தெருவில் அவள் பெயர் ரேடியோ.

"உன் கண்ணுதான் விழுந்து கிடக்கு. எடுத்துட்டுப் போ."

வாளியை உள்ளே தூக்கிப்போனாள். கொட்டவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள்.

ஷிப்ட் முடிகிற நேரத்துக்குச் சரியாக அவர் வந்தார், சட்டையெல்லாம் கரி.

"எங்க போயிட்டு வரீங்க?"

"வேலைக்குத்தான்."

"தாது எப்பக் கறுத்துச்சு?"

அவர் சட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு பொத்தென்று உட்கார்ந்தார். "மேஸ்திரி கேட்டிலயே நிறுத்திட்டான். திங்கக்கிழமை விசாரணை. அதுவரைக்கும் தெரு வாயில விழ வேணாம்னு கரி வேகன் பக்கம் உக்காந்திருந்தேன். கைக்குக் கிடைச்சதைப் பூசிக்கிட்டேன். அழுக்குன்னா அழுக்குதானே?"

"ஒரு நாளாவது துவைச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். தப்பு யார் பேர்ல?"

"சத்தியமா அவன் பேர்லதான்."

அவள் கொல்லையிலிருந்து ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து நங்கு நங்கென்று இடித்தாள். பொடியை வாளியில் கலக்கி, வாசலுக்கு வந்து, தெருவே கேட்கும்படி சளாரென்று கொட்டினாள்.

"அடேயப்பா! இன்னிக்கு ரொம்பச் சிவப்பா இருக்கே, அக்கா?" என்றாள் ரேடியோ.

"ரெண்டு ஷிப்ட் பாக்கறாருல்ல."

"அதானே பார்த்தேன்."

உள்ளே திரும்பி, "நாளைக்கு தாது வண்டிப் பக்கம் போய் உக்காருங்க," என்று பல்லைக் கடித்தபடி சொன்னாள். மறுபடி வாசலைப் பார்த்தாள்.

செங்கல் பொடி பக்கத்து வீட்டு வாசலிலேயே படிந்துவிட்டது. அதற்கப்பால் தண்ணீர் கறுகறுவென்று, யாருக்கும் பயப்படாமல், தெருக்கோடியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

ரேடியோ அந்தத் தண்ணீரை ஒரு தரம் பார்த்தாள், குனிந்து செருப்பைத் தேடினாள்.