குழந்தைக்குப் போதும்

ஆவடி பேக்டரி குவார்ட்டர்ஸில் முதல் வீட்டில் மிளகாய் தாளித்தால் நாலாவது வீட்டில் தும்முவார்கள். அப்படிப்பட்ட இடத்தில், பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த பத்மா அடுத்தவள் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள் என்ற சேதி குழாயடிக்கு வந்துசேர எத்தனை நேரம் ஆகும்? ஒரு குடம் நிரம்புவதற்குள் வந்துவிட்டது.

கொண்டுவந்தவள் பக்கத்து வீட்டு அன்னம்மாள். ஏற்பாடு செய்தவளும் அவளே என்பதால் அதில் அவளுக்கு இரட்டைப் பெருமை. எதிர் பிளாக் நாகேந்திரனின் மனைவி வசந்தகுமாரி, பிரசவத்துக்குப் பின் மஞ்சள்காமாலை முற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மாதம் நிறையாமல் பிறந்த அவளுடைய பெண் புட்டிப்பாலைக் கக்கியது. பத்மாவின் மகனோ பிறந்த வாரமே போய்விட்டான். பால் மட்டும் விஷயம் தெரியாமல் வந்துகொண்டிருந்தது. அன்னம்மாள் குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துவந்து பத்மாவின் மடியில் போட்டாள்.

"தூங்கிகினு கீது. வயிறு ரொம்பியிருக்கும் போல."

பத்மா குழந்தையின் கையைப் பார்த்தாள். கன்னத்தோடு ஒட்டி இறுக மூடியிருந்தது. "இது பசித் தூக்கம் அக்கா," என்றாள்.

உள்ளங்காலைச் சுண்டினாள். காது மடலை வருடினாள். துண்டைத் தளர்த்திக் காற்றுப்பட விட்டாள். போனால் போகிறதென்று குழந்தை வாயைத் திறந்தது. கொஞ்சம் குடிக்கும், தூங்கிவிடும். மறுபடி சுண்ட வேண்டும். போதும் என்றால் மூடிய விரல்கள் மெல்ல அவிழும், தோள் தொங்கும், உதடு தானாகக் காம்பை விடும். அதற்குமேல் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இதெல்லாம் அவள் தன் மகனிடம் பார்த்துவைத்தது. அவன் அதற்கு மட்டும்தான் அவகாசம் கொடுத்திருந்தான்.

குழந்தை அங்கேயே தங்கியது. நாகேந்திரன் ஷிப்டு முடிந்து வந்து, வாசலில் நின்றபடி மகளைப் பார்த்துவிட்டுப் போவான். குழாயடிக்கு அது போதாதா?

"பால் குடுக்கிறாளா, தத்து எடுத்துக்கினாளா? நேத்து அதுக்குச் சட்டை தெச்சிகினு இருந்தா," என்றாள் ஒருத்தி.

"மூக்கு கூட பத்மா மூக்காட்டம் ஆயிகினு வருது," என்றாள் அன்னம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். பத்மா காதில் விழுந்தது. அவள் கோபப்படவில்லை. வீட்டுக்குள் போய்க் குழந்தையின் மூக்கைத்தான் பார்த்தாள்.

ஒரு மத்தியானம் வசந்தகுமாரியே வந்து நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள். கையைப் பிடித்துக் கூட்டிவந்தது, வேறு யார், அன்னம்மாள்தான்.

"காமாலை இறங்கிடுச்சுக்கா. இனிமே நானே குடுக்கலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க," என்றாள் தரையைப் பார்த்து. "வேற இடத்துல குடிச்சா இவ என்கிட்ட இழுத்துக் குடிக்க மாட்டாளாம். எனக்கும் ஊறாதாம். அதனால..."

பத்மா குழந்தையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"பசியோட தூக்கிட்டுப் போக வேணாம். இந்த ஒரு வேளை குடுத்துட்டுத் தரேன்," என்றாள்.

சுவரோரம் திரும்பி உட்கார்ந்து கொடுத்தாள். குழந்தை குடித்தது, தூங்கியது, சுண்டினால் விழித்துக் குடித்தது. பிறகு விரல்கள் அவிழ்ந்தன. பத்மா பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளங்காலைச் சுண்டினாள். குழந்தை முனகி ஒரு மிடறு குடித்து விட்டுவிட்டது. காது மடலை இழுத்தாள்.

"அது தூங்குது, உட்ரு பத்மா," என்றாள் அன்னம்மாள்.

"இல்லக்கா. இன்னும் பசி இருக்கு."

மறுபடி காம்பை வாயில் வைத்தாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவளும் அதை மறுபக்கம் மாற்றிப் போட்டுப் பார்த்தாள். பால் கடைவாயில் வழிந்து கழுத்து மடிப்பில் இறங்கியது. குழந்தைக்கு விக்கல் எடுத்தது. அதற்குமேல் அவளால் முடியவில்லை. தோளில் போட்டுத் தட்டினாள். விக்கல் நின்ற பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா," என்று வசந்தகுமாரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எந்நேரமும் தூங்குறாளே. போதும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

பத்மா பொய் சொல்லியிருக்கலாம். குழந்தை பட்டினி கிடக்கும்.

"கையப் பாரு. பசின்னா மூடி இருக்கும், தூங்கினாலும் எழுப்பிக் குடுக்கணும். இப்ப திறந்திருக்கு பாரு. போதும்னு அர்த்தம்."

"எப்பத் திறந்துச்சு?"

பத்மா குழந்தையின் கழுத்தை முந்தானையால் துடைத்தாள்.

"அப்பவே," என்றாள்.

வசந்தகுமாரி இரண்டு கைகளையும் நீட்டினாள். அன்னம்மாள் அன்றைக்குக் குழாயடிக்குக் குடத்தை மட்டும் கொண்டுபோனாள்.

சாயங்காலம் வேலை விட்டு வந்த புருஷன் ஜம்புலிங்கத்திடம், "கொஞ்சம் மல்லி வாங்கிட்டு வாங்க," என்றாள் பத்மா. மகன் போனதிலிருந்து பூவைத் தொடாதவள். அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மார்க்கெட் வரைக்கும் சைக்கிளை மிதித்து, பேரம் பேசாமல், பந்து பந்தாக வாங்கிவந்தான். தலையில் வைத்துக்கொண்டு வருவாள், பார்க்கலாம் என்று சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

பால் வற்றுவதற்கு மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டுவார்கள் என்பது அந்த பிளாக்கில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஆண்கள் ஒருவருக்கும் தெரியாது.

கதவைத் திறந்துகொண்டு அவள் வந்தபோது வீடெல்லாம் வாசனை. தலையில் ஒரு பூ இல்லை.

"ஏன், வச்சுக்கலையா?" என்றான்.

"கட்டிக்கிட்டேன். வாங்க, சாப்பிடலாம்."